முதலில் முதுகைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியப் பெருமக்களே, விடுதிச் சாம்பாரை என்னோடு பகிர்ந்துகொண்ட நண்பர்களே, இப்போது நம் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க குதிரை டாக்டர். குதிரையைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடிதான் உங்க பேச்சு, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எனக்குப் புரிந்தது. ஆகவே நேரத்தோடு முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

நான் பேச எடுத்துக்கொண்டது குதிரைக்குப் போடும் சேணம். லாயத்துப் பேச்சில் சொன்னால் ஜீனி. கால்நடை மருத்துவம் படித்தவன் தோல் சாமான் கதை பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நாற்பது ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு தவறை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளத்தான் இந்தத் தலைப்பு.

1984-ஆம் ஆண்டு. கையில் பட்டம், மெடல், தலையில் கொஞ்சம் கனம். நகரத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் போய்ப் பார்த்துவரும் வேலை கிடைத்தது. அங்கே மோகினி என்று ஒரு பழுப்பு நிறப் பெண் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, ஏழு வயதில் பள்ளிக்கு வந்தவள். பந்தயக் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடரி மயிர் முடியும் இடத்தில் முதுகெலும்பு மேடாக எழும்பி நிற்கும். அதை விதர்ஸ் என்கிறோம். மோகினிக்கு அந்த மேடு மிகவும் உயரம். இரண்டு பக்கமும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

அந்த மேட்டின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். கழுவினேன், மருந்து போட்டேன், மூன்று வாரம் ஓய்வு என்று எழுதினேன். புண் அழகாக ஆறியது. பதிவேட்டில் 'சவாரிக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் அதே இடத்தில் மறுபடியும் புண். மறுபடியும் மருந்து, ஓய்வு, கையெழுத்து.

அங்கே வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாம் முறை நான் கட்டுப் போடும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர் தம்பி, நீங்க புண்ணுக்கு மருந்து போடுறீங்க. புண்ணு பண்றவனுக்கு யாரு மருந்து போடுறது?" அவர் எதையோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். என்ன சொல்கிறீர்கள் பாய் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாம் முறை பள்ளியில் ஒரு யோசனை செய்தார்கள். சேணத்துக்கு அடியில் போடும் நம்தாவை ஒன்றுக்கு இரண்டாக மடித்துப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். ஐந்தாம் நிமிடம் மோகினி துள்ளி ஒரு பதின்மூன்று வயதுப் பையனைக் கீழே போட்டாள். கை எலும்பு முறிந்தது. அடுத்த வாரம் நான் போனபோது மோகினியின் கொட்டடி காலி. "குணம் கெட்ட குதிரை சார், தள்ளி விட்டுட்டோம்" என்றார்கள்.

அன்றைக்குத்தான் பாய் என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். ஒன்றும் பேசவில்லை. மோகினிக்குப் போட்ட சேணத்தை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே அடைத்த கம்பளி இடப்பக்கம் அமுங்கித் தட்டையாகக் கிடந்தது. முன்வளைவின் உட்புறத்தில் காய்ந்த ரத்தமும் பழுப்பு மயிரும் ஒட்டியிருந்தன. அகலமான முதுகுள்ள குதிரைக்கென்று வாங்கிய சேணம் அது. ஒட்டிய முதுகின்மேல் வைத்ததும் அப்படியே இறங்கி எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சேணத்தை அந்தக் குதிரையின் மேல் வைத்து நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பையன் கையும் உடைந்தது, குதிரையின் பெயரும் கெட்டது. இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு.

அதற்குப் பிறகுதான் நான் சேணத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர் ஃபிரடெரிக் ஸ்மித் என்பவர் சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றியே 1891-இல் ஒரு தனிக் கையேடு எழுதியிருக்கிறார். 1912-ஆம் ஆண்டின் ராணுவச் சேணத்தில், முதுகின் இரு புறமும் பதியும் பலகைகள் குதிரையின் உடம்புக்குத் தக்கபடி சற்று அசைந்து கொடுக்குமாறு அமைத்தார்கள். குதிரை முதுகு போனால் படை நின்றுபோகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடைக்குச் சேணம் வாங்கப் போனால் முதலில் என்ன கேட்கிறார்கள்? பதினாறரை இஞ்சா, பதினேழா, பதினேழரையா என்று. அது யாருடைய அளவு தெரியுமா? உட்காருகிறவருடைய அளவு! இருக்கையின் நீளம். சுமக்கப்போகிற குதிரைக்கு வேண்டியது வேறு அளவு. சேணத்துக்குள்ளே மரத்தாலும் இரும்பாலும் செய்த ஒரு கூடு இருக்கிறது, அதை ட்ரீ என்பார்கள். அதன் அகலமும் வளைவும்தான் குதிரையின் அளவு. அதை வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்ற கதைதான்.

ஆகவே கடைக்குப் போகும் முன் குதிரையை அளந்துகொள்ளுங்கள். வளைத்தால் வளைத்தபடி நிற்கும் கம்பி ஒன்று போதும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஓரிடம், முதுகின் நடுவில் ஓரிடம், கடைசி விலா எலும்புக்கு நேரே ஓரிடம் என்று மூன்று இடத்தில் குறுக்கே வைத்து அழுத்துங்கள். அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள். உலகத்துக்கே சேணம் தைத்து அனுப்பும் கான்பூர் நம் நாட்டில்தான் இருக்கிறது. அளவு கொடுத்தால் தைத்துத் தருவார்கள், நாம்தான் கொடுப்பதில்லை.

சேணம் வந்த பிறகு எப்படிச் சோதிப்பது? மாணவத் தம்பிகள் இதை மட்டும் எழுதிக்கொண்டால்கூடப் போதும்.

குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கவையுங்கள். நம்தா போடாமல் வெறும் முதுகில் சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, மயிர் போகும் திசையில் பின்னால் தள்ளுங்கள். அது தானாக ஓரிடத்தில் நிற்கும். அந்த இடம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கவேண்டும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது என்று முதலாண்டில் படித்தோமே, நினைவிருக்கிறதா? உடம்பைத் தசைகள்தான் முன்னங்கால்களுக்கு நடுவே தொட்டில் கட்டித் தாங்குகின்றன. முன்னங்கால் நீளும்போது தோள்பட்டையின் மேல்நுனி பின்னால் திரும்பி வரும். சேணம் அதை மறித்தால் ஒவ்வொரு அடியிலும் இடி.

அடுத்தது விதர்ஸ். மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி இருக்கவேண்டும். ஏறுமுன் பார்த்துவிட்டு "சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிடக் கூடாது. மேலே மட்டும் பார்த்தால் போதாது, பக்கவாட்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். சேணம் அகலமாயிருந்தால் எலும்பின் மேல் இறங்கும். குறுகலாயிருந்தால் இரண்டு பக்கமும் கிடுக்கிபோல் பிடிக்கும்.

பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் சேணத்தின் நடுவில் முதுகெலும்புக்கு மேலே ஒரு வாய்க்கால் தெரியவேண்டும். முன்னிருந்து பின்வரை மூன்று விரல் அகலத்துக்குக் குறையாமல், வெளிச்சம் தெரியவேண்டும். பாரம் முழுவதும் இரு புறமும் உள்ள சதையில் இறங்கவேண்டும். எலும்பில் படக் கூடாது.

பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து மெத்தைக்கு அடியில் முன்னிருந்து பின்னாக நுழைத்துப் பாருங்கள். ஒரே அழுத்தமாக இருக்கவேண்டும். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் காலியாக இருந்தால் அது பாலம்போல் நிற்கிறது என்று பொருள். நான்கு இடத்தில் மொத்த பாரமும் விழும்.

கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து மேலே முதுகுவரை கொண்டுபோங்கள். அது பதினெட்டாவது விலா. மெத்தை அதைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் முதுகைத் தாங்க விலா இல்லை, இடுப்புதான்.

இருக்கையில் ஓர் உருண்டைப் பென்சிலைக் குறுக்கே வையுங்கள். அது உருண்டுபோய் நடுவில் நிற்கவேண்டும். பின்னால் ஓடினால் சேணம் பின்சாய்வு, முன்னால் ஓடினால் முன்சாய்வு. செலவில்லாத சோதனை.

கடைசியாக, சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வேர்வை இரு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவில் காசு அளவுக்குக் காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அதிக அழுத்தம் இருந்திருக்கலாம், உடனே சேணத்தைச் சோதியுங்கள். அழுத்தத்தில் ரத்தம் ஓட்டம் நின்றால் தோலுக்கு முன்னால் உள்ளே உள்ள சதைதான் முதலில் சாகும். வெளியே தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். ஆறிய பிறகு அங்கே முளைப்பது வெள்ளை மயிர்.

"டாக்டர், ரெண்டு நம்தா போட்டா சரியாப் போயிடுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டு நடந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன். இன்னொன்று, இன்றைக்குப் பொருந்திய சேணம் என்றைக்கும் பொருந்தாது. தீனி மாறினால், வேலை மாறினால், வயதானால் முதுகு மாறும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மேலே சொன்னதை எல்லாம் மறுபடி பார்க்கவேண்டும்.

குதிரை வாய் திறந்து சொல்லாது என்கிறோம். சொல்கிறது ஐயா! வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குகிறது, கடிக்க வருகிறது, வாலை அடிக்கிறது, முதுகைக் குழிக்கிறது. நாம் அதற்கு 'குணம் கெட்டது' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மோகினியின் கதையை முடித்துவிடுகிறேன். 1986-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடும்பத்தோடு மெரினாவுக்குப் போயிருந்தேன். அங்கே பிள்ளைகளை ஏற்றி நடத்திக்கொண்டிருந்த குதிரைகளில் ஒரு பழுப்புக் குதிரை. விதர்ஸ் மேட்டின்மேல் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை மயிர். நெற்றிச் சுழியைப் பார்த்தேன். அவள்தான்.

குதிரைக்காரரிடம் நான் யார் என்று சொன்னேன். "கடிக்கும் சார், கிட்ட போகாதீங்க" என்றார். சேணத்தை எடுக்கச் சொன்னேன். அதே இடம், அதே பழைய கதை. மறுநாள் தடித்த நம்தா ஒன்று வாங்கி, இரண்டாக வெட்டி, நடுவில் எலும்புக்கு வழி விட்டு இரு பக்கமும் தனித்தனியாகப் பொருத்தித் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது முறையான சேணம் ஆகிவிடாது. ஆனால் எலும்பின்மேல் பாரம் விழுவது நின்றது. இரண்டு வாரம் கழித்துப் போனேன். வயிற்றுப்பட்டையை இறுக்கினார், மோகினி காதை மடக்கவில்லை. "இப்பல்லாம் சும்மா நிக்குது சார், என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "குதிரை மறந்துடும் தம்பி. நீங்க மறக்காதீங்க" என்றார். மறக்காமல்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வருவீர்கள். புண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அதன்மேல் என்ன வைக்கிறார்கள் என்று கேளுங்கள். லாயத்திலும் தொழுவத்திலும் நிற்கும் படிக்காத பெரியவர் ஏதாவது சொன்னால் சிரிக்காமல் இன்னொரு முறை கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் ஒரு பையன் கை உடைந்திருக்காது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சாம்பார் அதே சாம்பாராக இருக்காது என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.