சோலைக்குள் ஒரு காலை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கோத்தகிரி போய்வந்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சார் சொன்னார். மைக் கைக்கு வந்தால் நான் பத்து நிமிஷத்தில் விடமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் டீயைக் கூட்டம் முடிந்த பிறகு என்று தள்ளி வைத்துவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் நம் மூன்று பிளாக்கிலிருந்தும் பதினோரு பேர் ஒரு வேனில் கிளம்பினோம். சேலம், அவினாசி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி இரவு கோத்தகிரியில் தங்கினோம். மறுநாள் காலை வனத்துறை அனுமதியோடு லாங்வுட் சோலைக்குள் போனோம். மொத்தமே 116 ஹெக்டேர், நம் கணக்கில் 287 ஏக்கர் சுமார். சுற்றிலும் தேயிலைத் தோட்டமும் வீடுகளும். ஊருக்கு நடுவே இவ்வளவு பழைய காடு தப்பிப் பிழைத்திருப்பதே பெரிய சேதி. 2024 ஜனவரியில் இதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான பட்டியல் அது.

ஈரநிலம் என்றதும் நான் ஏரியைத் தேடினேன். ஏரி இல்லை. காடேதான் ஏரி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆயிற்று.

உள்ளே பத்தடி வைத்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. மரங்கள் ரொம்ப உயரமில்லை. ஆனால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் குடை பிடித்தாற்போல் நிற்கின்றன. அடிமரம் முழுக்கப் பாசி, பெரணி, ஆர்க்கிட். காலை வைத்தால் தரை மெத்தைபோல அமுங்குகிறது. எங்கள் வழிகாட்டி ஒரு கை சருகை அள்ளிப் பிழிந்து காட்டினார், தண்ணீர் சொட்டியது. அதற்கு முந்தைய ஒரு வாரம் அங்கே மழையே இல்லையாம்.

அப்புறம் ஒரு இலையைக் கிள்ளி எல்லோரையும் முகரச் சொன்னார். சி பிளாக் அம்மா உடனே, "இது பட்டை வாசனை ஆச்சே!" என்றார்கள். சரிதான். சோலையில் காட்டு இலவங்க மரமும் அதன் சொந்தக்கார மரங்களும் நிறைய. எல்லாம் லாரல் குடும்பம். நம் பிரியாணி இலையும், ஏற்காட்டில் கூடை கூடையாக விற்கும் பட்டர் ஃப்ரூட்டும்கூட அந்தக் குடும்பம்தான். போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவில் இதே குடும்ப மரங்கள் நிறைந்த பழங்காடு ஒன்று இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேகத்தைப் பிடித்துத் தண்ணீராக்கும் அந்தக் காட்டிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் அந்தத் தீவுக்காரர்கள் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டார்கள்.

பறவைகளுக்கு வருகிறேன். முதலில் குரல்தான் கேட்டது, யாரோ புதருக்குள் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோல. நீலகிரி சிரிப்பான். இந்த மலைப்பக்கம் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் உள்ளது. இன்னொன்று தரையோடு தரையாகத் தத்தும் ஒரு சின்ன நீலக் குருவி. அதன் இனத்துக்கு 2017இல் விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘ஷோலிகோலா’. நம் ‘சோலை’ என்ற சொல்லைத்தான் ஆங்கிலேயர் ஷோலா ஆக்கினார்கள், இப்போது அது அறிவியல் பெயரிலும் ஏறிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

மூன்றாவது நீலகிரி மரப்புறா. லாரல் குடும்பத்துப் பழங்களை முழுசாக விழுங்கி, கொட்டையை வேறிடத்தில் போடும். காடு தன்னை நட்டுக்கொள்வது இப்படித்தான். ஒரு புறா தலைக்கு மேலே கிளையில் வந்து உட்கார்ந்தது. குழந்தைகள் மூச்சுகூட விடவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு செல்போன் அலறியது. புறா போய்விட்டது. யார் போன் என்று கேட்காதீர்கள். போகும்போது வேனில் எல்லோரையும் சைலண்டில் போடச் சொன்னதும் அதே ஆள்தான்.

இங்கே நம்மூர் சம்பந்தம் ஒன்று சொல்ல வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர். அந்தக் குடும்பம் பிறகு கோத்தகிரியில் குடியேறியது. அவர் மகள் மார்கரெட் நீலகிரிப் பறவைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்தப் படங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்பா காப்பிக்காகக் காட்டைத் திருத்தினார், மகள் காட்டுப் பறவையை வரைந்தார். குடும்பம் என்றால் அப்படித்தானே.

சோலையின் ஓரத்தில் ஒரு ஓடை, கண்ணாடிபோல ஓடுகிறது. சுற்றியுள்ள பத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு இந்தச் சோலைதான் குடிநீர். ஒரு காலத்தில் விறகுக்காக இங்கே கணக்கில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் உள்ளூர்க்காரர்களே குழு அமைத்துக் காவல் காத்தார்கள். சோலை மரக்கன்றுகள் பனியையும் நேர் வெயிலையும் தாங்குவது அபூர்வம், நிழலில்தான் வளரும். ஒருமுறை மொட்டையடித்துவிட்டால் பேரன் காலத்திலும் பழையபடி வராது.

திரும்பி வரும்போது வேனில் எனக்கு ஒரே நினைப்பு. நமக்கும் அருநூத்துமலை இருக்கிறது. மலை மழை ஆணைமடுவு அணைக்கு வருகிறது, வசிஷ்ட நதியில் போகிறது. ஆனால் நம் வளாகத்தில் விழுகிற மழை எங்கே போகிறது? ரோட்டுச் சாக்கடைக்கு. சுற்றிலும் பாக்குத் தோப்புக்காரர்கள் ஆயிரம் அடி போர் போட்டுத் தவிக்கிறார்கள், நாம் சித்திரை வந்தால் லாரித் தண்ணீருக்குப் பணம் வசூலிக்கிறோம்.

மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழகம் முழுக்கக் கட்டாயம். நம்மிடமும் இரண்டு குழிகள் இருந்தன. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று நாம்தான் சிமெண்ட் போட்டு மூடினோம். அந்தக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்.

அதனால் செயலாளர் சார், ஒரு வேண்டுகோள். ஏ பிளாக் பின்னால் இருக்கிற குழியைத் திறப்பதை அடுத்த கூட்டத்துப் பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நிற்பது என் கார்தான். சனிக்கிழமையே எடுத்துவிடுகிறேன்.