கோப்பைக்கு முன்னால் ஆள் சேரட்டும்

(வட்டாரத் தோட்டங்கள் சேர்ந்து நடத்தும் பொழுதுபோக்குச் சங்கங்களின் பொறுப்பாளர்களும் அங்கத்தவர்களும் கூடியபோது, நலன்புரிப் பிரிவினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மழையோடு மழையாக இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதற்கே முதல் நன்றி. சங்கத்தை எப்படி வளர்ப்பது என்று பேசச் சொன்னார்கள். எங்கள் மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறோம். யாரும் கோபிக்க வேண்டாம்.

நம் பக்கம் சங்கம் என்றால் என்ன நடக்கிறது? திருவிழாவுக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ ஒரு போட்டி வைக்கிறோம். ஜேர்சி, கோப்பை, ஒலிபெருக்கி, சோற்றுப் பார்சல். பதினொரு பொடியன்மார் ஆடுகிறார்கள், முந்நூறு பேர் வரம்பில் நின்று பார்க்கிறார்கள். மறுநாள் பந்து அலுமாரிக்குள் போகிறது. அடுத்த வருடம் திறந்து பார்த்தால் காற்று இறங்கிக் கிடக்கும். போட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது திருவிழா, நல்ல காரியம். ஆனால் அந்த முந்நூறு பேரின் உடம்புக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. "இங்கேயிருந்தும் ஒரு முரளி வருவான்" என்று சிலர் சொல்வார்கள். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முரளிதரனின் பாட்டனார் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்தான், நமக்கும் பெருமைதான். ஆனால் முரளி விக்கெட் எடுத்தால் நம்ம லயத்தில் யாருக்கும் பிரஷர் இறங்காது.

இந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாமார் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "விடிஞ்சா மலை ஏறி இறங்குறோம், பதினெட்டு இருபது கிலோ கொழுந்து சுமக்கிறோம், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" நியாயமான கேள்வி. இதைச் சிரித்துத் தட்டிவிடுகிறவர்கள் ஒரு நாள் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்ப் பார்க்கட்டும்.

பதில் இதுதான். உடம்பை அசைப்பது எல்லாம் கணக்கில் சேரும், வேலையும் சேரும். ஆனால் டென்மார்க் நாட்டில் பல வருடங்களாக ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கவனித்த ஆய்வாளர்கள் ஒன்று கண்டார்கள்: ஓய்வு நேரத்தில் ஓடியாடுகிறவருக்கு இருதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நாள் முழுக்கப் பாரவேலை செய்கிறவருக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. காரணத்தை நம் வேலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். மலையில் எட்டு மணி நேரம் ஒரே மாதிரி நிற்கிறோம். அதே கை, அதே தோள், அதே இடுப்பு. மூச்சு வாங்கினால் உட்கார முடியாது. கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். இருதயத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. விளையாட்டு அப்படியல்ல. அரை மணி நேரம் வேகமாக ஆடுவோம், வேறு தசைகள் வேலை செய்யும், களைத்தால் உட்காரலாம், நடுவில் சிரிக்கலாம். எவரும் தராசு வைத்து நிறுக்கமாட்டார்கள். அந்த அம்மாவுக்கு வேண்டியது இன்னொரு வேலை இல்லை. தனக்கென்று கொஞ்ச நேரம், அந்த நேரத்தில் உடம்பு நிமிர ஒரு இடம்.

இன்னொரு விஷயம். மலைக்குப் போகிறவர் மட்டுமா தோட்டத்தில் இருக்கிறார்? பேர் நின்றுபோன தாத்தாமார் காலையிலிருந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட சாயத்தண்ணியும் முன்னைப்போலவே, நடை மட்டும் நின்றுவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைபேசி. கொழும்புக் கடைக்குப் போன தம்பிமார் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் இருதய நோய், சீனி வருத்தம், புற்றுநோய் போன்ற தொற்றாத நோய்களால்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதே நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது, பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம். 65 வயதுக்கு மேற்பட்டோர் விழாமல் இருக்க, உடம்பைச் சமநிலையில் வைக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

சரி, சங்கம் எப்படி வளரும்? வெளிநாட்டுக் கதை ஒன்று சொல்கிறோம், பொறுமையாகக் கேளுங்கள். 2004 ஒக்டோபர் 2ஆம் திகதி லண்டன் பக்கத்தில் புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் கூடி ஐந்து கிலோமீற்றர் ஓடினார்கள். உதவிக்கு ஐந்து பேர். தொடங்கியவர் போல் சின்டன் ஹியூவிட். கட்டணம் இல்லை, பரிசு இல்லை. ஓடி முடித்தவருக்கு எத்தனையாவது என்று அடையாளம் கொடுக்க, இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களைத்தான் பயன்படுத்தினார்கள். செய்தது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணி, அதே இடம். இரண்டாவது இடம் தொடங்கியது 2007இல்தான். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஊன்றி நின்றார்கள் பாருங்கள்! இன்று பார்க்ரன் என்ற பெயரில் அது இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. ஓட முடியாதவர் நடக்கலாம். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் கூடவே வருவார், அதனால் எவரும் "நான்தான் கடைசி" என்று வெட்கப்படத் தேவையில்லை.

நம் சங்கங்களோ முதல் மாதமே ஆறு தோட்டத்துக்கு ஆறு கிளை, ஆறு தலைவர், ஆறு பெயர்ப்பலகை. மூன்றாம் மாதம் கூட்டத்துக்கு ஆள் இல்லை. ஒரு டிவிஷனில் ஒரு நாள், ஒரு நேரம். மழை பெய்தாலும் பிரட்டுக்களத்துக் கூரைக்குக் கீழாவது நடக்க வேண்டும். அது ஒரு வருடம் நின்றுபிடித்த பிறகு பக்கத்து டிவிஷனைப் பார்ப்போம்.

"கிரவுண்டு இல்லையே" என்பார்கள். உண்மை. மலைநாட்டில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்துக்கும் வேண்டிய சமதரை எங்கே கிடைக்கும்? ஆனால் கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம் போதும், சுற்றி ஓடக் கொஞ்ச இடம். நம் நாட்டின் தேசிய விளையாட்டே அதுதான், 1991இல் அறிவித்தார்கள். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. பொழுதுபோக்குக்கு ஆடும்போது இன்னும் இறக்கிக் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? கபடிக்கு வலையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். நடைக்குத் தோட்ட ரோட்டே இருக்கிறது. கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறு காலையில் பெரிய தெருக்களையே வாகனத்துக்கு மூடி, சனங்களுக்கு நடக்கவும் சைக்கிள் ஓடவும் விடுகிறார்கள். நம் ரோட்டிலோ ஞாயிற்றுக்கிழமை லொறியும் குறைவு.

இனி, கஷ்டமான விஷயத்துக்கு வருகிறோம். பெண்கள். கமிட்டியில் பெண்கள் பெயர் இருக்கிறது, கிரவுண்டில் ஆளைக் காணோம். ஏன்? மலையிலிருந்து வந்ததும் தண்ணி, விறகு, அடுப்பு, பிள்ளை. "பொம்பளைங்களும் வரலாம்" என்று பலகையில் எழுதிவிட்டால் போதுமா? அவ வரணும்னா அந்த ஒரு மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது என்று வீட்டில் பேச வேண்டும். தம்பிமாரே, இது உங்களிடம்தான். பந்து அடிக்கத் தெரிந்த கைக்கு ரொட்டி தட்டத் தெரியாதா? சங்கத்தின் பங்கும் இருக்கிறது. பெண்களுக்கு எந்த நேரம் வசதி என்று அவர்களிடமே கேட்டு வைக்க வேண்டும். இருட்டுமுன் முடிய வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்க்க இரண்டு பேரை முறை வைத்துப் போட வேண்டும். சிரித்துக் கேலி செய்கிற கூட்டத்தை வரம்பிலேயே நிற்க விடக்கூடாது.

"வயசுக்கு வந்த பிள்ளை ஓடியாடலாமா" என்று இன்னும் சில வீடுகளில் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஈவினை கிராமத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் நாட்டுக்காக ஆடினார். 2018இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவரும் இருந்தார். தாராளமாக ஆடலாம் என்பதுதான் எங்கள் பதில்.

வயதான அம்மாமாரிடம் உடற்பயிற்சி என்று சொன்னால் ஓடிவிடுவார்கள். கும்மி என்று சொல்லிப் பாருங்கள்! கும்மியும் கோலாட்டமும் மூட்டை அசைக்கும், காலை நிலைநிறுத்தும். மாசியில் காமன் கூத்து ஆடுகிறவர்கள் இரவிரவாக ஆடுகிறார்கள், தப்பு அடிக்கிறவருக்கும் சும்மா இருப்பு இல்லை. வருடத்தில் ஒரு மாதம் எடுக்கும் தப்பை மாதம் ஒரு ஞாயிறு எடுத்தால் என்ன? பழகிய வாத்தியார்மார் உயிரோடு இருக்கும்போதே பொடியன்மார் படித்துக்கொள்ளவும் வசதி.

ஒரு எச்சரிக்கை. பிரஷர், சீனி, நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு நடையில் தொடங்குங்கள். இரத்தம் குறைந்த பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள். இரத்தக் குறைவை ஓட்டம் தீர்க்காது, அதற்குச் சாப்பாடும் மருந்தும் வேண்டும்.

காசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சந்தா சிறிதாக இருக்கட்டும், இல்லாதவரிடம் கேட்கவே வேண்டாம். கணக்கை மாதம் ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசியுங்கள். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் தோல்வியால் இல்லை, கணக்கால்தான். ஆட்டம் முடிந்ததும் போத்தல் எடுக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலிலேயே நிறுத்துங்கள். ஒரு நாள் அதைப் பார்த்த தாய் மறுவாரம் பிள்ளையை அனுப்பமாட்டாள். இடம் கேட்பதானால் துரையிடம் எழுத்தில் கேட்டுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், சங்கத்தைப் பதிவு செய்யும் வழியை அவரிடம் கேட்கலாம்.

கோப்பைக்கு ஒதுக்கிய காசில் இந்த முறை இரண்டு பந்தும் ஒரு வலையும் வாங்கலாமா என்று கமிட்டி இப்போதே தீர்மானிக்கட்டும். எந்த நாள், எந்த நேரம், பிரட்டுக்களத்துச் சாவி யார் கையில், குழந்தைகளைப் பார்க்க முதல் வாரம் யார் என்று எழுதுவதற்குக் கொப்பி கொண்டுவந்திருக்கிறோம். அம்மாமார் முதலில் வாங்க, உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்க. மற்றவர்கள் அதற்குப் பிறகு.