‘இல்லை’ என்ற முடிவை எவ்வளவு நம்பலாம்?
(திருவண்ணாமலையில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



2020-ஆம் ஆண்டுக் கார்த்திகைத் தீபத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. கிரிவலப் பாதையிலோ மக்கள் வெள்ளம் இல்லை. கொரோனா பரவாதிருக்க வெளியூர் அன்பர்களுக்கும் கிரிவலத்திற்கும் அவ்வாண்டு தடை விதிக்கப்பட்டிருந்தது. பெருங்கூட்டம் கூடும் நம் ஊருக்கு, நோயைச் சரியாகக் கண்டறிவது எத்துணை அவசியம் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இந்நோயைக் காணப் பெரிதும் பயன்படும் பரிசோதனைகள் இரண்டு. ஆர்.டி.பி.சி.ஆர். என்பது கிருமியின் மரபுப் பொருளைப் பலமடங்காகப் பெருக்கிக் காண்பது. அதற்கு ஆய்வுக்கூடமும் சில மணி நேரமும் வேண்டும். ஆன்டிஜென் பரிசோதனை கிருமியின் புரதத்தை உள்ளவாறே காண்பது. அரைமணிக்குள் முடிவு தெரியும். ஆனால் மூக்கில் கிருமி குறைவாக இருப்பின், இது காணத் தவறிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூன் 14-இல் முதல் ஆன்டிஜென் கருவிக்கு இசைவளித்தபோது, ஆய்ந்தறிந்த அளவுகளையும் வெளியிட்டது. நோயற்றவரை நோயற்றவர் என்றே அக்கருவி காட்டியது 99.3 முதல் 100 சதவிகிதம். நோயுற்றவரைக் கண்டுபிடித்ததோ 50.6 முதல் 84 சதவிகிதமே. அதாவது, நோயுற்ற 100 பேரில் 16 பேர் முதல் ஏறத்தாழ 50 பேர் வரை தப்பிவிடக்கூடும்.

கேழ்வரகைச் சலிக்கும்போது சல்லடையில் தங்குவது கல்லே; ஐயமில்லை. ஆனால் கீழே விழுந்ததில் பொடிக்கல் இல்லை என்று கூற இயலுமா? ஆன்டிஜென் பரிசோதனையும் அத்தகையதே. ‘உண்டு’ என்றால் நம்பித் தனித்திருக்க வேண்டும். காய்ச்சலும் இருமலும் உள்ளவருக்கு ‘இல்லை’ என்று வந்தால், ஆர்.டி.பி.சி.ஆர். செய்து உறுதி செய்ய வேண்டும் என்பதே கழகம் அன்று வகுத்த விதி. 2021 மே மாதத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிக்கு இசைவளித்தபோதும் இவ்விதியையே கூறிற்று.

2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை நீங்கியதாக அறிவித்தது. ஆயினும் கிருமி மறைந்துவிடவில்லை. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை நம்பிக் காய்ச்சலோடு நாற்று நடவுக்குச் செல்பவர், உடன் உழைப்போருக்கும் வீட்டிலுள்ள முதியோருக்கும் நோயைத் தரக்கூடும். அத்தகையவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவதும், அவர் ஓய்வு கொள்ளும் நாட்களில் வயல் வேலைக்குத் துணை நிற்பதும் பஞ்சாயத்தின் கடமையாகும். இக்கடமையை நாம் அனைவரும் மேற்கொள்வோமாக.