தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காக்களுக்கு ஒரு படம்

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்கான குறும்படங்களை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. 2022 முதல் நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு வருகிறோம். அதனால் படங்களின் பெயர்களை அடுக்குவதைவிட, ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதைப் போட்ட பிறகு வகுப்பில் என்ன செய்யலாம் என்று பேச விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் வருகைப் பதிவேட்டை மனதுக்குள் புரட்டிப் பாருங்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து கார் நடவு தொடங்கும் நாட்களிலும், ஐப்பசியில் பிசான நடவு நாட்களிலும் யார் பெயருக்கு நேரே தொடர்ந்து விடுப்பு விழுகிறது? பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண்பிள்ளையின் பெயராக இருக்கும். அம்மாவும் பாட்டியும் நடவுக்குப் போய்விடுவார்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் என்றால் அம்மா வீட்டில்தான் இருப்பார். ஆனால் மடியில் பீடிச் சுளகு இருக்கும். எடுத்துவந்த இலைக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். சுளகு இருக்கும் மடியில் கைக்குழந்தைக்கு இடம் ஏது? அது அக்காவின் இடுப்புக்குப் போய்விடுகிறது. மறுநாள் காரணம் கேட்டால், "தம்பியப் பாத்துக்கிட்டேன் டீச்சர்" என்பாள். விடுப்பு விண்ணப்பத்தில் அது ‘வீட்டில் வேலை’ என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

இந்தப் பிள்ளையைப் பற்றிய படம் ஒன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக யுனிசெஃப் 1990-களில் உருவாக்கிய ‘மீனா’ அசைவூட்டப் படவரிசையைச் சொல்கிறேன். வணிக நோக்கம் இல்லாமல் எடுக்கப்பட்டவை இவை. இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகன் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்த அவர், 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-இல் மறைந்தார். மீனா எந்த நாட்டுப் பிள்ளை என்று படத்தில் சொல்லப்படுவதில்லை. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் என எந்த நாட்டுப் பிள்ளையும் ‘இது நம்ம ஊருப் புள்ள’ என்று நினைக்கும்படி அவளை வரைந்திருக்கிறார்கள். அவளுக்கு ராஜு என்று ஒரு தம்பி, ராணி என்று ஒரு கைக்குழந்தைத் தங்கை, மிட்டு என்று ஒரு கிளி.

‘கவுன்ட் யுவர் சிக்கன்ஸ்’ என்ற படத்தில் மீனா பள்ளிக்கு அனுப்பப்படுவதில்லை. அவள் கிளியை வகுப்புக்கு அனுப்பிப் பாடம் கேட்டுவரச் சொல்கிறாள். எண்ணக் கற்றுக்கொண்டு, கோழி ஒன்று குறைவதைக் கண்டுபிடிக்கிறாள். ‘டிவைடிங் தி மேங்கோ’ என்ற படத்தில் மாம்பழத்தில் பெரிய பங்கு ராஜுவுக்குப் போகிறது. அவன்தான் அதிகம் உழைக்கிறான் என்று காரணம் சொல்கிறார்கள். சரி, ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. மீனா மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். வீட்டு வேலைகள் ராஜுவின் தலையில் விழுகின்றன. சாயங்காலம் அவன் களைத்துப்போகிறான். அன்று தட்டில் அவனுக்குக் கிடைப்பது மீனாவின் பங்கு. கதை இவ்வளவுதான். ஒரு பாடவேளைக்குள் பார்த்து, பேசியும் முடித்துவிடலாம். மொழி தடையாக இருந்தால் ஒலியைக் குறைத்துவிட்டு, நம் நெல்லைப் பேச்சிலேயே நாம் கதை சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடிக்கிறது.

இந்த இரண்டாவது படத்தை ஏழாம் வகுப்பில் போட்டேன். வேலையை மாற்றிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி, "மீனா ஒரு நாளில் என்னென்ன வேலை செய்கிறாள்? எழுதுங்கள்" என்றேன். பிறகு வீட்டுப்பாடம். ஒரு வட்டம் வரைந்து, அதைக் கடிகாரமாக்கி, நேற்று எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிரப்பிவர வேண்டும்.

மறுநாள் ஒரு மாணவியின் வட்டத்தில் மாலை நான்கரை மணி முதல் ஏழு மணி வரை வெறுமையாக இருந்தது. "இந்த நேரத்தில் என்னம்மா செய்தாய்?" என்றேன். "ஒண்ணும் செய்யல டீச்சர், தம்பிய வச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். அதையும் எழுது என்றதும் அவள் கேட்டாள்: "இதுவும் வேலையா டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கிறேன். செய்கிற பிள்ளைக்கே வேலை என்று தெரியாத ஒன்றை, வீட்டில் யார் கணக்கில் எடுப்பார்கள்? வகுப்பு முழுவதும் அதை எண்ணத் தொடங்கியபோது ஆண்பிள்ளைகளும் பேசினார்கள். அந்த வாரக் கடைசியில் தங்கையைப் பார்த்துக்கொண்ட ஒருவன், "எறக்கி விட்டா அழுதா டீச்சர், இடுப்புல வச்சுக்கிட்டு பந்து போட முடியல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாணவிதான் அதிகம் சிரித்தாள்.

இதைச் செய்யும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்டி ‘இவளும் மீனா மாதிரிதான்’ என்று சொல்லிவிடக் கூடாது. பிள்ளை பார்ப்பதை இழிவான வேலையாகவும் பேசக் கூடாது. பசி அழுகையையும் தூக்க அழுகையையும் பிரித்தறிய அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பாட்டியிடம் கேட்ட தாலாட்டு தெரியும். அவற்றைத் தமிழ் வகுப்பிலும் அறிவியல் வகுப்பிலும் அவளே சொல்லட்டும். குறை அவள் செய்யும் வேலையில் இல்லை. அது அவள் ஒருத்தி மேல் மட்டும் விழுவதிலும், பள்ளி நாளைத் தின்பதிலும்தான் இருக்கிறது.

படம் போட்டதோடு விடுப்பு நின்றுவிடாது. அந்த மாணவியின் கடிகாரத்தை, பெயரை மறைத்துவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மற்றவற்றோடு வைத்தோம். அங்கன்வாடிப் பணியாளரையும் அழைத்திருந்தோம். மூன்று வயதுத் தம்பி பால்வாடிக்குப் போகத் தொடங்கினான். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் முன்பருவக் கல்வியைப் பற்றி 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவே பேசுகிறது. மூத்த பிள்ளையின் வருகையும் இளைய பிள்ளையின் பால்வாடியும் ஒரே கயிற்றின் இரு முனைகள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது போதாது. அங்கே அப்பாவோடும் அண்ணன்மாரோடும் பேச வேண்டியிருக்கிறது. அந்த மாணவி நடவு நாட்களில் இப்போதும் சில நாள் வருவதில்லை. ஆனால் காரணத்தைத் தலைநிமிர்ந்து சொல்கிறாள். விட்ட பாடத்தைக் கேட்டு வாங்குகிறாள்.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988) என்ற முழுநீள அசைவூட்டப் படத்தில் ஒரு காட்சி உண்டு. அம்மா மருத்துவமனையில் இருக்கிறார். அக்காவைத் தேடி அழும் சின்னத் தங்கையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பள்ளிக்கே அழைத்து வந்துவிடுகிறார். ஆசிரியை அவளைத் திருப்பி அனுப்புவதில்லை, அக்காவின் பக்கத்தில் உட்கார வைக்கிறார். தங்கை படம் வரைகிறாள், பாடம் நடக்கிறது. பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஓர் ஆசிரியை தன் வகுப்பில் எடுத்த சின்ன முடிவு.

அடுத்த திரையிடலுக்கு முன் உங்கள் பதிவேட்டில் நடவு மாதங்களின் பக்கங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். படம் முடிந்ததும் ‘நீதி என்ன?’ என்று கேட்காமல், ‘நேற்று நீங்கள் என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘ஒண்ணும் செய்யல’ என்று சொல்லும் பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.