நோயுற்ற பிள்ளையும் நம் குடும்பமும்



வயதானவர் ஒருவர் நோயில் விழுந்தால் வீடு கவலைப்படுகிறது. வளரும் பிள்ளை ஒன்று நீண்ட நோயில் விழுந்தால் வீடே படுத்துவிடுகிறது. தாய் பால்மரம் வெட்டப் போவதையோ, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போவதையோ நிறுத்துகிறாள். சம்பளம் குறைகிறது, பஸ் செலவு கூடுகிறது. தம்பி தங்கைகள் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது ஒரு குரல் மட்டும் பல நாள் வராமல் இருப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் படும் பாட்டையும் பார்க்கிறோம். அப்படிப்பட்ட குடும்பம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவது, நோயாளியின் பக்கத்தில் இருந்து கவனிப்பவர். மருத்துவர் பட்டணத்தில் இருக்கிறார். மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நான்காவது பங்கு மட்டும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்பதை விளக்க, நம்மவர் ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறோம்.

கணித மேதை சீனிவாச இராமானுஜன் பெயரை நம் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தகப்பனார் துணிக்கடைக் கணக்கர். ஏழைக் குடும்பம். அவருடைய கணக்கைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அவருடைய நோயைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இரண்டு வயதிலேயே அவருக்குப் பெரியம்மை கண்டது, பிழைத்துக்கொண்டார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும்போது வயிற்றுக்கடுப்பு வந்து, படிப்பை விட்டுவிட்டுச் சில மாதம் ஊரில் கிடந்தார். 1910-இல் விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் பணமில்லை. மருத்துவர் ஒருவர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். பிறகு 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை கிடைத்தது. 1914-இல் பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

அங்கே 1917-இல் கடும் நோயில் விழுந்தார். ஓர் ஆரோக்கிய நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். குடற்புண் என்றார் ஒருவர். காசநோய் என்றனர் பலர். காசநோய்க்கு அந்நாளில் மருந்தில்லை. குளிர்ந்த காற்றும் ஓய்வுமே சிகிச்சை. சைவ உணவுக்காரருக்கு அங்கே கிடைத்த சாப்பாடு இறங்கவில்லை. உலகப் போர்க் காலம் வேறு.

இவற்றையெல்லாம்விட வாட்டியது தனிமை. கும்பகோணத்தில் தாயார் கோமளத்தம்மாளுக்கும் இளம் மனைவி ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. தாம் எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போய்ச் சேராமல் மாமியார் தடுத்துவிட்டார் என்று ஜானகி பின்னாளில் சொன்னார். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் நோயில் கிடப்பவருக்கு வீட்டிலிருந்து நாலு வரி வராமல் போனால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1918-இன் தொடக்கத்தில் உயிரையே வெறுக்கும் அளவுக்கு அவர் மனம் ஒடிந்தது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கிப் பெருமை செய்தது. உலகப் புகழ் வந்தாலும், பக்கத்தில் இருந்து ஒரு வாய் கஞ்சி கொடுக்க ஆள் வேண்டும், நேயர்களே.

அப்போதும் அவருடைய அறிவு உறங்கவில்லை. லண்டனில் பட்னி என்ற இடத்தில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வாடகைக் காரில் வந்தார். காரின் எண் 1729. சுவையில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, அது மிகச் சுவையான எண் என்றார் நோயாளி. இரண்டு கன எண்களின் கூட்டுத் தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான். 12-இன் கனத்தோடு 1-இன் கனத்தைக் கூட்டினாலும், 10-இன் கனத்தோடு 9-இன் கனத்தைக் கூட்டினாலும் 1729 வரும். பிள்ளைகள் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கட்டும். நோயாளியைப் பார்க்க வந்தவர் நோயைப் பற்றியே பேசாமல், அவருக்குப் பிடித்ததைப் பேசியதால் கிடைத்த செல்வம் இது.

1919 மார்ச்சு மாதம் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். தாயாரும் தம்பியும் அழைக்கப் போயிருந்தார்கள். ஜானகி எங்கே என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. பின்னர் ஜானகி வந்து சேர்ந்தார். அவருக்கு வயது இருபது. அன்று முதல் ஓராண்டுக் காலம் சென்னை, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று, நல்ல காற்றும் நல்ல மருத்துவமும் தேடி அந்தக் குடும்பம் அலைந்தது. டாக்டர் சந்திரசேகர் வைத்தியம் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் பெற்றோருக்குரியதையும் தம் செலவையும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கும்படி இராமானுஜன் எழுதியிருந்தார்.

ஜானகி செய்தது என்ன? நேரத்துக்கு நேரம் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் கொடுத்தார். காலும் மார்பும் வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். வெந்நீர் வைத்த அந்த இரண்டு பாத்திரங்களையும் பல்லாண்டு கழித்தும் தம்மிடம் வைத்திருந்தார். படுத்த படுக்கையாகவே இராமானுஜன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஜனவரியில் புதியதொரு கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. அந்தக் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் அறிஞர் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. உலகக் கணித அறிஞர்கள் அவற்றைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். கணவருக்குப் பின் ஜானகி தையல் கற்று, தம் உழைப்பில் வாழ்ந்து, 1994-இல் மறைந்தார்.

இந்த வரலாற்றில் நமக்கு என்ன பாடம்?

முதல் பாடம், மருத்துவரிடம் பழைய நோய்களையும் சொல்லுதல். இராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல என்று 1994-இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். இளமையில் வந்த வயிற்றுக்கடுப்பின் கிருமி உடம்பில் தங்கி, பின்னாளில் ஈரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கண்டுபிடித்திருந்தால் அந்நாளிலேயே குணமாக்கக்கூடிய நோய் அது. ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பிள்ளைக்கு எப்போது என்ன நோய் வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எப்போது காய்ச்சல் அடித்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கிளினிக்குப் போகும்போது அந்தப் புத்தகமும் கூடப் போகட்டும். வயிற்றுக்கடுப்புக் கிருமி அசுத்தத் தண்ணீரில் வருவது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராமானுஜன் காலத்தில் இல்லாத மருந்து இன்று இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் சளிப் பரிசோதனை செய்து, பெரும்பாலும் ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் மறைக்காமல் போய்க் காட்டுங்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவது, அணைந்ததாக நினைத்த நெருப்பை வைக்கோலில் போடுவது போன்றது. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது.

இரண்டாவது பாடம், வலி. பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். "ஆம்பளப் பையன் அழலாமா?" என்று அதட்டாதீர்கள். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2008 முதல் நாடி, மூச்சு, காய்ச்சல், இரத்த அழுத்தம் இவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் கேட்டுக் குறிக்கும் முறை வந்தது. வலி எவ்வளவு என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு எண்ணைக் கேட்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு முகங்கள் வரைந்த படத்தைக் காட்டுவார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். அந்த நோட்டுப் புத்தகத்திலேயே எழுதலாம்.

புற்றுநோய் போன்ற கடும் நோய்களில் மருத்துவர் மார்பின் என்ற மருந்தைக் கொடுக்கக்கூடும். பெயரைக் கேட்டே பலர் பயப்படுகிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுப்பதால் பிள்ளை போதைக்கு அடிமையாகிவிடுவது அரிது. வலி வந்து கதறும் வரை காத்திருக்காமல், கடிகாரம் பார்த்து நேரத்துக்குக் கொடுப்பதே சரியான முறை. 1967-இல் லண்டனில் தணிப்புப் பராமரிப்பு இல்லம் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் உலகுக்குக் காட்டிய வழி இது. மலச்சிக்கல் வந்தால் மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜானகி கொடுத்த ஒத்தடத்துக்கும் இடம் உண்டு. ஆனால் எங்கே ஒத்தடம் கொடுக்கலாம், எங்கே கூடாது என்று தாதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பாடம், வீட்டில் பகை வேண்டாம். மாமியார் மருமகள் சண்டையைத் தீர்க்க வேறு நாள் பாருங்கள். நோயாளியின் தலைமாட்டில் யார் குற்றம், யார் செய்த வினை என்ற விசாரணை கூடாது. சொந்தக்காரர் தூரத்தில் இருந்தால் வாரம் ஒரு முறையாவது கைபேசியில் பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள். அப்பாவோ அண்ணனோ சிங்கப்பூரில் வேலையாக இருந்தாலும், குரல் வந்து சேர எல்லைச் சோதனை கிடையாது.

நான்காவது பாடம், பிள்ளைக்குப் பிடித்ததைப் பறிக்காதீர்கள். இராமானுஜனிடமிருந்து தாளையும் பென்சிலையும் பிடுங்கியிருந்தால், அவர் சில நாள் கூட வாழ்ந்திருப்பாரோ என்னவோ. அப்படி வாழ்ந்த நாள் அவருக்கு வாழ்க்கையாக இருந்திராது. நோய் பிள்ளையின் உடம்பில் ஒரு பகுதி. பிள்ளை முழுவதும் நோயல்ல. வகுப்பில் நடந்த பாடத்தை நண்பர்கள் மூலம் அனுப்பும்படி ஆசிரியரைக் கேளுங்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவோம். மருத்துவமனையில் பள்ளி என்ற திட்டம் நம் நாட்டில் 2011-இல் தொடங்கியது. சில பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆசிரியர்கள் படுக்கையருகே வந்தே பாடம் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளை இருக்கும் ஆஸ்பத்திரியில் அது உண்டா என்று விசாரியுங்கள்.

உடம்பு இடங்கொடுக்கும் நாளில், மருத்துவர் சம்மதித்தால், வெளியே அழைத்துச் செல்லுங்கள். கோத்தா திங்கி நீர்வீழ்ச்சியோ, தேசாரு கடற்கரையோ, அதுவும் முடியாவிட்டால் தோட்டத்துத் திடலில் பந்தாட்டம் பார்ப்பதோ போதும். மாதக் கணக்கில் கூரையையே பார்த்துக் கிடந்த பிள்ளைக்கு அது பெரிய பயணம். திரும்பி வந்து நாலு நாள் அதையே பேசிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது பாடம், பார்த்துக்கொள்பவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய் ஒருத்தியே இரவும் பகலும் விழித்திருந்தால் அடுத்துப் படுப்பவள் அவள்தான். தகப்பனார் ஒரு இரவு, பெரியம்மா ஒரு பகல் என்று முறை வையுங்கள். வரிசை வீட்டு மக்கள் நலம் விசாரிக்க வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவதைவிட, ஒரு குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தாயைக் குளித்துவிட்டு வரச் சொல்வது பேருதவி. மற்றப் பிள்ளைகளிடமும் உண்மையை அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், தாங்கள் செய்த குறும்பால்தான் அக்காளுக்கு நோய் வந்தது என்றுகூடப் பிஞ்சு மனம் நினைத்துக்கொள்ளும்.

பணக் கவலைக்கும் வழி உண்டு. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். சமூக நல இலாகாவின் உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவர் வழிகாட்டுவார். கேட்பதில் வெட்கமில்லை. வட்டிக்காரனிடம் போகுமுன் இங்கே போங்கள்.

நேயர்களே, இவ்வளவும் செய்தாலும் சில பிள்ளைகள் பிழைப்பதில்லை. அந்தக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜானகி தம் கணவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர் கொடுத்த மோரும் ஒத்தடமும் வீண் போகவில்லை. வலி குறைந்த ஒவ்வொரு மணி நேரமும் அந்த மனிதருக்குச் சொந்தமாயிற்று. அந்த நேரங்களில் அவர் தமக்குப் பிடித்த கணக்கைப் போட்டார். நோயைத் தீர்ப்பது எப்போதும் நம் கையில் இல்லை. பிள்ளை தனியாகத் துன்பப்படாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

இன்றே அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.