அவையில் எழுந்த எதிர்வினா



'தமிழ்நாடு' எனும் பெயருள்ளிட்ட வேண்டுகைகளுக்காக இவ் விருதுநகர் மண்ணில் ஈகி சங்கரலிங்கனார் 1956-இல் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் ஈந்தார். அவர் உடலை வருத்திக் கேட்டதை 1963-இல் மாநிலங்களவையில் சொல்லால் கேட்டவர் அறிஞர் அண்ணா.

வங்கப் பொதுவுடைமையர் புபேசு குப்தா கொணர்ந்த பெயர்மாற்றச் சட்டவரைவின்மேல் அவர் பேசினார். பேச்சு ஆங்கிலத்தில்தான், சான்றெல்லாம் தமிழ். பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என நூற்பெயர் காட்டி, அப்பெயர் நேற்றுப் பிறந்ததன்று என நிறுவினார். பிறரை இசைவிக்கும் பேச்சுக்கு முதல் ஆயத்தம் ஏடு புரட்டலே. இன்றோ பலர் தொண்டையை மட்டுமே ஆயத்தஞ் செய்துகொண்டு மேடையேறுகின்றனர்!

பெயரை மாற்றுவதால் பெறும் பயன் யாது என அவையில் வினா எழுந்தது. வெற்றுணர்ச்சியாளர் சினந்திருப்பர். அண்ணாவோ, மாநிலங்களவையை 'இராச்யசபா' என்றும் குடியரசுத் தலைவரை 'இராட்டிரபதி' என்றும் மாற்றியதால் நீவிர் பெற்ற பயன் யாது எனத் திருப்பிக் கேட்டார். தம் செயலையே மறுத்தாலன்றி அவர்கள் அவ்வினாவை மறுத்தல் இயலாது.

அவ்வரைவு தோற்றது. 18-7-1967-இல் அவரே முதலமைச்சராயிருந்தபோது பெயர்மாற்ற முன்மொழிவு சட்டமன்றத்தில் ஒருமனதாய் நிறைவேறியது. 14-1-1969 முதல் பெயர் நடப்புக்கு வந்தது. சங்கரலிங்கனார் மறைந்து பன்னீராண்டு கடந்திருந்தது.