உடம்பில் குண்டு இல்லை என்றால் துப்பாக்கியே வெடிக்கவில்லையா?

(விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டம், டிகுனியா என்கிற ஊர். 2021 அக்டோபர் 3ஆம் தேதி. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த விவசாயிகள் மேல் பின்னாலிருந்து ஜீப் ஏறியது. நாலு விவசாயிகளும் ஒரு பத்திரிகையாளரும் செத்தார்கள். அதைத் தொடர்ந்த அடிதடியில் வண்டியில் வந்தவர்கள் தரப்பிலும் மூணு பேர் செத்தார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். மொத்தம் எட்டு உயிர்.

ஜீப் யாருடையது? அப்போது ஒன்றிய உள்துறை இணை அமைச்சராக இருந்த அஜய் மிஸ்ராவுடையது. முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் அவர் மகன் ஆசிஷ் மிஸ்ரா. நான் அங்கே இல்லவே இல்லை என்பது அவர் வாதம். இருந்தார், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே தப்பினார் என்பது விவசாயிகள் கொடுத்த புகார்.

வடக்கே நடந்ததை இங்கே எதுக்குப்பா பேசுறேன்னு கேட்பீங்க. இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நம்ம ஊர் கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். அதனால்தான் பேசுகிறேன்.

அக்டோபர் 9ஆம் தேதி கைது. துப்பாக்கிகள் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றிலிருந்து சுடப்பட்டிருக்கிறது என்று அறிக்கை வந்தது. டிசம்பரில் சிறப்புப் புலனாய்வுக் குழு, இது விபத்தில்லை, திட்டமிட்ட செயல் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவை எடுத்துவிட்டு, கொலை முயற்சியையும் ஆயுதச் சட்டத்தையும் சேர்த்தார்கள். 2022 ஜனவரி 3ல் குற்றப்பத்திரிகை தாக்கல், சுமார் 5,000 பக்கம். இந்த மாதிரி வழக்கில் கைதாகி 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். எல்லை நெருங்கும்போதுதான் போட்டார்கள், கவனியுங்க.

இவ்வளவுக்கும் பிறகு பிப்ரவரி 10ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. செத்தவர், அடிபட்டவர் யார் உடம்பிலும் குண்டுக் காயம் இல்லையே என்றது. டிரைவர் பயந்துபோய் வேகமாக ஓட்டியிருக்கலாம் என்றும் சொன்னது. குண்டு குறி தவறினால் சுட்டதே இல்லை என்று ஆகிவிடுமா? வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் கூட்டம் சிதறி ஓடாதா?

இன்னொரு கூத்து. அந்த ஜாமீன் விசாரணை காணொளியில் நடந்தது. செத்தவர்கள் குடும்பத்து வக்கீலுக்கு நடுவில் இணைப்பு அறுந்துபோச்சு. மறுபடி எங்களைக் கேளுங்கள் என்று மனுப் போட்டார்கள், எடுபடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் பேச வாய் திறக்கும்போது லைன் கட்!

மேல்முறையீடு செய்ய வேண்டிய மாநில அரசு செய்யவில்லை. கண்காணிக்க நியமிக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சிபாரிசு செய்தும் செய்யவில்லை. குடும்பத்தார்தான் டெல்லிக்குப் போனார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி தலைமை நீதிபதி ரமணா, சூர்ய காந்த், ஹிமா கோலி மூவரும் ஜாமீனை ரத்து செய்தார்கள். பிரேதப் பரிசோதனையையும் முதல் தகவல் அறிக்கையையும் மட்டும் வைத்து ஜாமீன் கட்டத்திலேயே வழக்கை எடைபோட்டது தப்பு என்றார்கள். அதைவிடப் பெரிசு, பாதிக்கப்பட்டவருக்குப் புலன்விசாரணையிலிருந்து மேல்முறையீடு வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்றார்கள். அரசு வக்கீலுக்குத் துணையாக ஓரமா நிற்கிற உரிமை மட்டும் இல்லை இது, தனி உரிமை.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2022 டிசம்பரில்தான் குற்றச்சாட்டு பதிவானது. 2023 ஜனவரியில் உ.பி.யிலும் டெல்லியிலும் தங்கக் கூடாது என்று இடைக்கால ஜாமீன். எதிர்வழக்கில் உள்ளே இருந்த நாலு விவசாயிகளுக்கும் அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது, அது நியாயம்தான். 2024 ஜூலை 22ல் ஆசிஷ் மிஸ்ராவின் ஜாமீன் நிரந்தரமாச்சு. அன்றைய நிலவரம், 114 சாட்சிகளில் விசாரித்து முடித்தது 7 பேர். தீர்ப்பு வராமல் ஒருவரை வருஷக்கணக்கில் உள்ளே வைக்கக் கூடாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரணை நகராததுக்கு யார் பொறுப்பு? அந்தச் சாட்சிகள் அதே ஊரில்தானே குடியிருக்கிறார்கள்? அவர்களுக்கு யார் காவல்?

ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய இடத்தில் கண்ணால் பார்த்த சாட்சி 23 பேர்தானா என்று 2021லேயே உச்ச நீதிமன்றம் கேட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் வாங்கச் சொன்னது. நம்ம ஆட்களும் "எனக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்கிடுறோம். அப்புறம் கோர்ட்டைக் குறை சொல்லி என்ன பண்ண?

நம்ம பக்கம் இப்படி எதுவும் நடக்க வேண்டாம். நடந்துட்டா, தரையில் கிடக்கிற தோட்டாக் கூட்டைக் கையால் எடுக்காதீங்க. போட்டோ எடுத்துவிட்டு, போலீஸ் வந்து எடுக்கிற வரைக்கும் ஆள் நின்று பாருங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில், எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசம். காசு கேட்டால் கொடுக்காதீங்க. விசாரணை எதுவரைக்கும் வந்திருக்கு என்று 90 நாளுக்குள் போலீஸ் சொல்லியாகணும். எதிரி ஜாமீன் மனுப் போட்ட தேதியை விசாரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு நம்ம வக்கீலோடு கோர்ட்டில் போய் நில்லுங்க. காணொளி என்றால் இணைப்பு நல்லா இருக்கிற இடமாப் பார்த்து உட்காரச் சொல்லுங்க.